இளைப்பாறும் உரிமை

நமது நாட்டிலே, வயது காரணமாக உத்தியோகத்திலிருந்து விலகிய ஒருவரை 'இளைப்பாறிய ஆசிரியர்', 'இளைப்பாறிய தபாலதிபர்' என்று குறிப்பிடுவது வழக்கம். தமிழகத்தார் 'ஓய்வு பெற்றவர்' என்பர். இரண்டும் ஒரே பொருளைத் தருவன போலத் தோன்றினும், நம்முடைய வழக்கிலே ஒரு நுட்பம் உண்டு. இளைப்பு என்பது களைப்பு. களைப்பு ஆறுவதே இளைப்பாறுதல். ஆகவே, இளைப்பாறுவதற்கு வேண்டிய தகுதி யாது என்று வினவினால், முன்னர் களைத்திருக்க வேண்டும் என்பதே அச்சொல் தரும் விடை. பதவியையோ படிப்பையோ குலத்தையோ அச்சொல் கேட்கவில்லை.

சொல் இவ்வாறு கூற, சமுதாயமோ வேறொன்று கூறுகின்றது. நாற்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன் இளைப்பாறுகின்றான். ஐம்பது ஆண்டு வலை இழுத்தவன் இளைப்பாறுவதில்லை. கந்தோரிலே பேரேடு எழுதியவருக்கு மாதந்தோறும் பணம் வருகின்றது. அவருடைய வயலிலே நாற்று நட்டவளுக்கு வருவதில்லை. களைப்பு எல்லாருக்கும் பொது. அதனை ஆற்றிக்கொள்ளும் வாய்ப்பு மட்டும் சிலருக்கு உரியது. இந்த நிலையிலே, வாய்ப்புப் பெற்ற சிலர் தமது ஓய்வை மகிழ்ச்சியோடு அனுபவிப்பது நியாயமா? நியாயம் என்றால் எந்த அடிப்படையில்? இல்லை என்றால் அவர்கள் செய்ய வேண்டியது என்ன? இவ்வினாக்களையே இங்கு ஆராய விரும்புகின்றோம்.

இவ்வினா புதியதன்று. பண்டைக் கிரேக்கத்திலே அரிஸ்டாட்டில் இதனை நேரே எதிர்கொண்டார். போரின் முடிவு அமைதி, வேலையின் முடிவு ஓய்வு என்பது அவருடைய கருத்து. நற்பண்பு வளர்வதற்கும் அரசியலில் ஈடுபடுவதற்கும் ஓய்வு இன்றியமையாதது என்று அவர் கண்டார். அதில் உண்மை இருக்கின்றது. ஆனால், அந்த ஓய்வைக் குடிமக்களுக்கு வழங்குவதற்காக உழவும் கைத்தொழிலும் பிறர் தலையில் சுமத்தப்பட வேண்டும் என்றும், அடிமைகளாகவே பிறந்தோர் உளர் என்றும் அவர் முடிவு கட்டினார். அவரே ஓரிடத்தில், தறியின் நாடா தானாகவே நெய்யுமானால் எசமானர்களுக்கு அடிமைகள் தேவைப்படார் என்று கூறியதையும் நாம் மறத்தலாகாது. மார்க்ஸ் தமது 'மூலதன'த்திலே இக்கூற்றை எடுத்துக்காட்டினார். நாடா தானாகவே நெய்யத் தொடங்கிய காலத்திலே, நெசவாளியின் வேலை நேரம் குறையாமல் கூடியது ஏன் என்பதே மார்க்ஸ் எழுப்பிய வினா.

நமது மரபிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு இருந்தது. இல்லறக் கடமைகளை முடித்தவன் வானப்பிரத்தம் புகலாம் என்று தரும நூல்கள் வகுத்தன. ஆயின் அந்த ஆச்சிரம ஒழுங்கு மேல் வருணத்தாருக்கு உரியதாகவே வகுக்கப்பட்டது. ஊழியம் செய்வோனுக்குக் காடு புகும் பருவம் எதுவும் குறிக்கப்படவில்லை. அவன் இறக்கும் வரை ஊழியனே. கிரேக்கத்தின் அடிமையும் பாரதத்தின் சூத்திரனும் வெவ்வேறு மொழி பேசியவர்கள். ஓய்வு பற்றிய கணக்கிலே இருவரும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டவர்கள்.

இக்கணக்கைத் திருத்த முற்பட்டவர்கள் உழைக்கும் மக்களே. எட்டு மணி நேர உழைப்பு, எட்டு மணி நேரப் பொழுதுபோக்கு, எட்டு மணி நேர உறக்கம் என்னும் கோரிக்கையை 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ரொபேர்ட் ஓவன் முன்வைத்தார். 1886 இல் சிக்காகோ நகரத் தொழிலாளர் அதற்காக உயிர் கொடுத்தனர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1880 இல், மார்க்ஸின் மருமகனான போல் லஃபார்க், தொழிலாளிக்குச் சோம்பியிருக்கும் உரிமை வேண்டும் என்று வேடிக்கையும் சீற்றமும் கலந்த ஒரு சிறு நூலை எழுதினார். இந்திய மண்ணிலே முதன்முதலாக மே தினத்தைக் கொண்டாடியவர் சிங்காரவேலர். 1923 மே முதலாந் திகதி சென்னைக் கடற்கரையில் அந்தக் கொடியை ஏற்றிய அவர், மீனவர் குலத்திலே பிறந்தவர். 1936 ஆம் ஆண்டுச் சோவியத் அரசியல் சட்டம் ஓய்வையும் முதுமைக்காலப் பாதுகாப்பையும் குடிமக்களின் உரிமைகளாக எழுதியது. 1948 இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24 ஆவது உறுப்புரை, ஓய்வுக்கும் இளைப்பாறுதலுக்கும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்கின்றது. 25 ஆவது உறுப்புரை முதுமையில் பாதுகாப்பைக் கூறுகின்றது.

எழுத்திலே உரிமை வந்துவிட்டது. வாழ்க்கையிலே வந்துவிட்டதா? இதனை ஏட்டறிவால் மட்டும் அளக்க முடியாது. நம் நாட்டுக் கடற்கரை ஒன்றிலே வைத்துப் பார்ப்போம்.

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பகுதியிலே, வில்பத்துக் காட்டின் எல்லையை அடுத்து மறிச்சுக்கட்டி என்னும் ஊர் இருக்கின்றது. அண்மையில் ஒரு மாசி மாதத்து நாளிலே, இளைப்பாறிய ஆசிரியர்களும் ஆசிரியைகளுமாக ஒன்பது பேர், எஞ்சின் பூட்டிய வள்ளமொன்றை வாடகைக்கு அமர்த்தி, அரிப்பிலிருந்து தெற்கே மறிச்சுக்கட்டிக் கடல் வரை சென்று வந்தோம். கடல் அமைதியாக இருக்கும் பருவம். சிலாவத்துறையையும் கொண்டச்சிக் குடாவையும் கடந்து, அப்பால் குதிரைமலை முனையைத் தொலைவிலே கண்டு, மாலைக்குள் திரும்பினோம். அன்றைய நாள் இனிய நாள் என்பதைச் சொல்வதில் நமக்குத் தயக்கம் இல்லை. ஆனால், புறப்படுவதற்கு முன்பே ஒரு கேள்வி நம்மைத் தொடர்ந்தது. அயலவர் பலரும் 'எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள்?' என்றே கேட்டார்கள். மடு, திருக்கேதீச்சரம், கதிர்காமம் என்று ஏதேனும் ஒரு பெயரைச் சொன்னால் அவர்களுக்குத் திருப்தி. கடலைப் பார்க்கப் போகின்றோம் என்றபோது, முதியவர்களுக்கு ஏன் இந்த வேலை என்பது போலப் பார்த்தார்கள்.

இதனைச் சிறு விஷயம் என்று தள்ளிவிடலாகாது. ஏழை நாடுகளிலே மகிழ்ச்சிக்கும் ஒரு சாட்டு வேண்டியிருக்கின்றது. பக்தியின் பெயராலோ கடமையின் பெயராலோ வந்தால்தான் அது மன்னிக்கப்படும். உழைப்பவன் மகிழ்ந்திருந்தால் உழைப்புக் கெட்டுவிடும் என்பது நிலவுடைமையாளரின் பழைய அச்சம். அந்த அச்சம் காலப்போக்கிலே உழைப்பவர்களின் சொந்த ஒழுக்கமாகவே மாறிவிட்டது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1932 இல் எழுதிய ஒரு கட்டுரையிலே, உழைப்பே அறம் என்னும் போதனை, பிறர் உழைப்பில் வாழ்ந்தவர்களால் பரப்பப்பட்டது என்று காட்டினார். ஆகவே, காரணம் காட்டாத மகிழ்ச்சியைக் குற்றமாகக் கருதும் மனப்பான்மை முற்போக்கானதன்று. முதியவர்கள் கடல் பார்ப்பதிலே பாவம் ஒன்றும் இல்லை.

ஆனால், விஷயம் இத்துடன் முடிந்துவிடவில்லை. வள்ளத்தை ஓட்டியவர் மறிச்சுக்கட்டியைச் சேர்ந்த முஸ்லிம் முதியவர். வள்ளம் அவருடையதன்று; சம்மாட்டி ஒருவருடையது. அவர் நாட்கூலிக்கு வந்தவர். பேச்சு வாக்கில் அவருடைய வயதைக் கேட்டபோது, நம்மில் மிக மூத்தவரைவிட இரண்டு வயது மூத்தவர் என்று தெரிந்தது. நம்மவர்களில் ஒருவர், "காக்கா, நீங்கள் எப்ப இளைப்பாறப் போறியள்?" என்று கேட்டார். அவர் சிரித்தார். "எனக்கு ஆர் மாஸ்டர் பென்சன் தாறது? கை ஓடாத நாளையில நிப்பாட்ட வேண்டியதுதான்" என்றார். அதில் மனக்கசப்பு இருக்கவில்லை. நாளை வாடைக்காற்று எப்படி இருக்கும் என்று சொல்வதைப் போன்றே சொன்னார். நம்மை உறுத்தியது அந்த இயல்புதான்.

அதன் பின் வள்ளத்திலே நம்மிடையே எழுந்த விவாதத்தை இங்கு தொகுத்துக் கூறுவது பயனுடையது. ஏனெனில் அங்கு கூறப்பட்ட நியாயங்களே, வசதி பெற்ற நடுத்தர வர்க்கத்தினர் எங்கும் கூறும் நியாயங்கள்.

முதலாவது நியாயம்: 'நாம் உழைத்தோம், நம் ஓய்வை நாமே சம்பாதித்தோம்.' இது பொய்யன்று. மலையகத் தோட்டப் பாடசாலைகளிலும், போர்க்காலத்தில் மரநிழலிலும் கற்பித்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். ஆயினும், உழைத்ததனாலே ஓய்வு கிடைத்தது என்றால், சுக்கானைப் பிடித்திருந்தவருக்கு ஏன் கிடைக்கவில்லை? உழைப்பே காரணம் என்றால் அவருக்கும் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை, எனவே காரணம் வேறு. நாம் அரசிடம் உழைத்தோம், அவர் கடலிலே உழைத்தார் என்பதே அவ்வேறுபாடு. மேலும், அரச ஊழியரின் ஓய்வூதியம் அவர் மாதாமாதம் சேமித்த பணம் அன்று. பொதுத் திறைசேரியிலிருந்து வருவது. அத்திறைசேரிக்கு வரும் வரியிற் பெரும்பகுதி மறைமுக வரி. சீனியிலும் பருப்பிலும் எரிபொருளிலும் வரி கட்டுபவர் அவரும்தான். நமது ஓய்வுக்கு அவர் பணம் தருகின்றார். அவருடைய முதுமைக்கு ஒருவரும் தருவதில்லை. 2022 ஓகஸ்ட் மாதத்திலே, ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. அந்த ஆண்டின் விலையேற்றத்தினால் ஓய்வூதியத்தின் பெறுமதியும் சுருங்கிற்று என்பது உண்மை. ஆனால், சுருங்கிய ஓய்வூதியத்துக்கும் இல்லாத ஓய்வூதியத்துக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

இரண்டாவது நியாயம்: 'நாம் வாடகை கொடுத்தோம், அவருக்கும் ஒரு நாட்கூலி கிடைத்தது, இருவருக்கும் நன்மை.' இதனை முற்றாக மறுக்க முடியாது. மீன் படாத நாளிலே அக்கூலி ஒரு வீட்டின் உலை. எனினும், கூலி அன்றைய நாளின் உழைப்புக்கு ஈடு, அவ்வளவே. ஒரு மனிதன் எழுபதாவது வயதிலும் அந்தக் கூலியை நம்பியிருக்க வேண்டிய நிலைக்கு அது விடையாகாது. அவனுடைய தேவையே நமது வாய்ப்பாகின்றது என்பதை நினைவிற் கொண்டால், இருவருக்கும் நன்மை என்னும் சமன்பாடு அத்துணை எளிதாகத் தோன்றாது.

மூன்றாவது கூற்று நியாயம் அன்று, ஓர் உணர்ச்சி. 'இதைக் கேட்ட பிறகு நமக்கு எப்படி மகிழ்ச்சி வரும்? வந்திருக்கவே கூடாது' என்றார் ஒருவர். அவருடைய உள்ளம் மென்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால், நாம் வீட்டில் இருந்திருந்தால் அம்முதியவருக்கு அன்றைய கூலியும் இல்லாமற் போயிருக்கும்; அவருடைய நிலையும் நமக்குத் தெரியாமற் போயிருக்கும். குற்ற உணர்ச்சி ஒருவனைச் செயலுக்குத் தள்ளுமானால் பயனுடையது. அது தன் மனத்தூய்மையை நிலைநாட்டுவதோடு நின்றுவிடுமானால், அதுவும் வசதியுள்ளவனின் ஒரு பொழுதுபோக்கே. ஒருவனுக்கு இல்லாத உரிமையை மற்றவனும் துறந்துவிட்டால் சமத்துவம் வந்துவிடாது. இல்லாமை ஒன்று இரண்டாகும்.

நான்காவதாக ஒரு கருத்தை நம்முடன் வந்த ஆசிரியை ஒருவர் கூறினார். நாம் எல்லாரும் உண்ட பிட்டும் சம்பலும் மீன்குழம்பும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அவரும் மற்றொரு ஆசிரியையும் சமைத்தவை. 'பாடசாலையிலிருந்து இளைப்பாறினோம், அடுப்பிலிருந்து இன்னும் இளைப்பாறவில்லை' என்றார் அவர். படகோட்டியின் நிலையைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்த ஆண்கள் சற்று நேரம் வாய் திறக்கவில்லை. ஓய்வின் பங்கீடு வர்க்கங்களுக்கு இடையில் மட்டும் பிழைத்திருக்கவில்லை. ஒரே வீட்டின் கூடத்துக்கும் குசினிக்கும் இடையிலும் பிழைத்திருக்கின்றது. இதனைக் காணாத முற்போக்கு அரைக்கண் முற்போக்கே.

இனி, நாம் சென்ற கடலின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். ஒருவன் பார்க்க, மற்றவன் உழைக்கும் இந்த ஏற்பாடு இக்கடலிலே எவ்வளவு பழையது என்பது அதிலிருந்து விளங்கும்.

அரிப்புக்குத் தெற்கே, கடல் அரித்துத் தின்னும் மண்மேட்டின் விளிம்பிலே ஒரு பெரிய கட்டடத்தின் இடிபாடு நிற்கின்றது. ஊரார் அதனை அல்லி ராணி கோட்டை என்பர். உண்மையில் அது 1798 முதல் 1805 வரை இலங்கையை ஆண்ட பிரித்தானிய ஆள்பதி பிரெடெரிக் நோர்த் கட்டுவித்த மாளிகை. முத்துக்குளிப்புக் காலத்தில் அவர் தங்கியிருந்து அதனை மேற்பார்வை செய்வதற்காக, கிரேக்கத் தூண்களின் பாணியிலே அது எழுப்பப்பட்டது. மேல்தளத்திலே நின்றால் முத்துப் பார்கள் இருந்த திசை முழுவதும் தெரியும். கடலின் அடியிலே மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்கியவனுக்கு அங்கே என்ன தெரிந்தது என்று எழுதிவைத்தவர் ஒருவரும் இல்லை.

முத்துக்குளிப்பின் கடைசிப் பெருங்காலத்தில் அதன் பாளையம் மறிச்சுக்கட்டியிலேதான் இருந்தது. ஆண்டின் மற்றைய நாட்களில் வெறும் மணலாகக் கிடந்த கரையிலே, மாசி பங்குனியில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரம் எழுந்தது. பல்லாயிரம் மக்கள் கூடினர். 1905 ஆம் ஆண்டு முத்துக்குளிப்பு வரலாற்றிலேயே மிகப் பெரியது. 300க்கு மேற்பட்ட படகுகள், ஏறத்தாழ 5,000 சுழியோடிகள், எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள். கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தமிழரும் முஸ்லிம்களும் வந்தனர். பாரசீகக் குடாவிலிருந்து அராபியர் வந்தனர். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் புறப்படும். காலில் கல்லைக் கட்டி இறங்கிய சுழியோடி, ஒரு நிமிட அளவு நேரம் அடியில் இருந்து சிப்பிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் இழுப்பான். இவ்வாறு நாளெல்லாம். பிற்பகலிற் கடற்காற்றோடு கரை திரும்பியதும் சிப்பிகள் எண்ணப்பட்டு மூன்றாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்கு சுழியோடிகளுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும். அரசாங்கத்தின் பங்கு அன்று மாலையே ஏலம் விடப்பட்டது. 1905 இல் அதனாற் கிடைத்த வருமானம் 25 லட்சம் ரூபாவுக்கு மேல். சுறாவிடமிருந்து காப்பதற்கு மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி' ஒருவருக்குக் கூட ஒரு காலத்தில் அரசாங்கம் ஊதியம் கொடுத்தது. மூச்சடங்கி மாண்டவனின் குடும்பத்துக்கு மந்திரமும் இல்லை, ஊதியமும் இல்லை.

இதனைப் பார்ப்பதற்கென்றே சீமான்கள் வந்தார்கள். அமெரிக்கத் தூதுவராகப் பணியாற்றிய பென்ஃபீல்ட் என்பவர் 1907 இல் வெளியிட்ட பயண நூலிலே மறிச்சுக்கட்டிக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அதற்கு முன், 1863 இலேயே, பாரிஸ் நகரத்தில் பிஸே என்னும் இசை மேதை இலங்கை முத்துக்குளிப்போரைக் கதைமாந்தராக்கி இசை நாடகம் அமைத்தார். அவர் இலங்கையைக் கண்டவரல்லர். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு உழைப்பு ஒரு காட்சி. இன்னும் தூரத்திலிருப்பவனுக்கு அது ஓர் இனிய பாட்டு.

ஆயினும் பார்த்தவர் எல்லாரும் ஒரே விதமாகப் பார்க்கவில்லை. 1906 இல் மறிச்சுக்கட்டிப் பாளையத்தில் சிப்பி எண்ணும் கொட்டினை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்ட இளம் அதிகாரி லெனார்ட் வுல்ஃப். அங்கு அவர் கண்டவை பின்னர் ஒரு சிறுகதையாயின. செத்துப்போன அராபியச் சுழியோடி ஒருவனும், அவனுக்காக அவனுடைய தோழர்கள் காட்டிய கண்ணியமும் அக்கதையிலே வருகின்றன; முத்தை நாடி வந்த வெள்ளையனின் இழிந்த சாவும் வருகின்றது. 1912 இல் அவர் ஆட்சிச் சேவையிலிருந்து விலகினார். சோஷலிஸ்டாகவும் ஏகாதிபத்திய எதிர்ப்பாளராகவும் வாழ்ந்தார். ஒரே கரை, ஒரே காட்சி. ஒருவருக்கு அது கதை சொல்லும் விருந்து. மற்றவருக்குத் தம் பதவியைப் பற்றியே கேள்வி எழுப்பிய அனுபவங்களுள் ஒன்று. ஆகவே, பார்ப்பது குற்றம் என்பதல்ல நமது முடிவு. பார்த்ததை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்கின்றான் என்பதிலேதான் அறம் தங்கியிருக்கின்றது.

1906 இல் அரசாங்கம் இக்கடலை ஆண்டுக்கு 3,10,000 ரூபாவுக்கு ஒரு லண்டன் கம்பெனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பின் சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனியும் இல்லை. பாளையம் கலைந்தது. கரையும் அதன் மீனவரும் எஞ்சினர்.

அவர்களையும் வரலாறு அமைதியாக இருக்க விடவில்லை. 1990 ஒக்டோபர் மாத இறுதியில், வட மாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மறிச்சுக்கட்டி மக்களும் அவர்களுள் அடங்குவர். தமிழின் பெயரால், தமிழ் பேசும் மக்களுக்குச் செய்யப்பட்ட கொடுமை அது. அதனைப் பேசாமல் இக்கரையைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து ஓலைக் குடிசைகளிலே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. நமது வள்ளத்தை ஓட்டியவர் தமது நடுவயதை அங்கேதான் கழித்தார். இன்னொரு பொருத்தத்தையும் கவனிக்க வேண்டும். மீனவருக்கு ஓய்வூதியம் வழங்கும் திட்டத்துக்கான 23 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1990 ஆம் ஆண்டிலேதான். அத்திட்டம் மீனவன் தவணைப்பணம் கட்டிச் சேரும் திட்டம். கடலையும் வலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தவன் எந்தத் தவணையைக் கட்டுவான்? உரிமை சட்டப் புத்தகத்திலே வந்த ஆண்டிலேயே, அதனைப் பெற வேண்டியவன் அகதியானான்.

இருபது ஆண்டுகளுக்குப் பின் மக்கள் திரும்பினர். அதற்குள் வயல்களிலும் குடியிருப்புகளிலும் காடு மூடியிருந்தது. 2012 இலும் 2017 இலும் வெளியான வர்த்தமானி அறிவித்தல்கள் அப்பகுதியிலே பெரும் நிலப்பரப்பை வனமாகப் பிரகடனம் செய்தன. 2017 இல் மறிச்சுக்கட்டியிலே மக்கள் வாரக்கணக்காகத் தொடர் போராட்டம் நடத்தினர். அருகிலுள்ள முள்ளிக்குளத்துத் தமிழ்க் கத்தோலிக்க மக்களும், 2007 இல் வெளியேற்றப்பட்டுத் தம் ஊர் கடற்படை முகாமான பின், அதே 2017 இல் நிலம் கேட்டு அமர்ந்தனர். ஒரு பகுதியே விடுவிக்கப்பட்டது. காடு காக்கப்பட வேண்டும் என்பதிலே நமக்கு மறுப்பில்லை. ஆவுளியா மேயும் கடற்புல் வெளியும், யானை நடமாடும் காடும் இந்நாட்டின் செல்வங்கள். மீள்குடியேற்றத்தின் பெயரால் அரசியல் செல்வாக்குள்ளோர் காட்டை அழித்தார்கள் என்ற குற்றச்சாட்டு நீதிமன்றம் வரை சென்றது. அதனையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், இங்கு நமது வினாவுக்கு நேரடியான ஒரு பாடம் உண்டு. உல்லாசப் பயணியின் கண்ணுக்கு அக்கரை 'மனிதன் கால் படாத கன்னிக் காடு'. அந்தக் கண் சட்டத்தை எழுதும்போது, அங்கே பிறந்தவன் 'அத்துமீறியவன்' ஆகிவிடுகின்றான். ஓய்வாளனின் இரசனை எப்போதும் சாதுவான பொருளன்று. ஓர் ஊரின் வரலாற்றை அறியாமல் அதன் அழகை மட்டும் எடுத்துக்கொள்ளும் இரசனை, அவ்வூரவருக்கு எதிராகச் சாட்சி சொல்லவும் கூடும்.

அழகு உழைப்பவனுக்குத் தெரியாது, அதனைச் சுவைக்கக் கல்வியும் ஓய்வும் வேண்டும் என்று சிலர் கூறுவர். இதுவும் ஆராயத் தக்கது. நமக்குக் காற்று ஒன்றே. அம்முதியவருக்கு வாடை வேறு, கொண்டல் வேறு, கச்சான் வேறு, சோளகம் வேறு. ஒவ்வொன்றிலும் நீரின் நிறம் எப்படி மாறும், எந்த மீன் எங்கே ஒதுங்கும் என்று அவர் சொல்லக் கேட்டோம். கடலை அவர் நம்மிலும் நுட்பமாகக் கண்டிருக்கின்றார். அவரிடம் குறைவது இரசனை அன்று. கண்டதை அமர்ந்திருந்து சொல்வதற்கும், பேரப்பிள்ளைக்குக் கற்பிப்பதற்கும் வேண்டிய பொழுது. அவருக்கு ஓய்வு மறுக்கப்படுவதனால் இழப்பவர் அவர் மட்டும் அல்லர். அந்த அறிவு எழுதப்படாமல் அழியும்போது சமுதாயம் முழுவதும் இழக்கின்றது. மார்க்ஸ் 'மூலதன'த்தின் மூன்றாம் தொகுதியிலே, தேவையின் கட்டாயத்தால் செய்யும் உழைப்பு முடியும் இடத்திலேயே சுதந்திரத்தின் இராச்சியம் தொடங்குகின்றது என்றும், வேலை நாளைக் குறைப்பதே அதற்கு அடிப்படை என்றும் கூறினார். அந்த இராச்சியத்தின் வாயிலிலே நிறுத்தப்பட்டிருப்பவர்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. நமக்குத் தர வேண்டியவற்றைக் கையிற் கொண்டே நிற்கின்றார்கள்.

ஆகவே நாம் வரும் முடிவு இது. ஓய்வு உரிமை, அதனைப் பெற்றவன் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை, அதனைத் துறக்கவும் வேண்டியதில்லை. ஆனால், பலருக்கு மறுக்கப்படும் உரிமை, பெற்றவன் கையிலே சலுகையாகிவிடுகின்றது. அதனை மீண்டும் உரிமையாக்கும் வழி ஒன்றே: அது எல்லாருக்கும் கிடைப்பதற்காகப் பாடுபடுதல். இது தருமம் செய்வதன்று. நாம் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது.

இதிலே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சிறப்பான பொறுப்பு உண்டு. ஆசிரியரின் ஓய்வூதியம் தானாக வந்ததன்று. சங்கங்களின் போராட்டத்தினால் காக்கப்பட்டு வருவது. அச்சங்கங்கள் தம் உறுப்பினரின் ஓய்வூதியத்தை மட்டும் பேசும் வரை, பொதுமக்கள் அவற்றைத் தனி நலக் கூட்டங்களாகவே காண்பர். மீனவர், விவசாயக் கூலிகள், தோட்டத் தொழிலாளர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகிய எல்லாருக்கும், தவணை கட்ட முடிந்ததா என்று கேளாத, பொதுத் திறைசேரியிலிருந்து வரும் முதியோர் ஊதியம் வேண்டும் என்பதைத் தம் கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியாக அவை எழுத வேண்டும். நாட்டிலே பணம் எங்கே என்று கேட்போர் உளர். நமது ஓய்வூதியத்துக்குப் பணம் எங்கே என்று அம்மீனவர் ஒருநாளும் கேட்டதில்லை, கட்டிக்கொண்டே வந்திருக்கின்றார்.

இளைப்பாறியவர்களிடம் பொழுது இருக்கின்றது, எழுத்தறிவு இருக்கின்றது, கந்தோர்களின் நடைமுறை தெரியும். ஒரு கரையோர ஊரிலே வாரத்தில் ஒரு நாள் அமர்ந்து, காணி உறுதிக்கும் முதியோர் உதவிப் பணத்துக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். முதிய மீனவர் சொல்லும் காற்றின் பெயர்களையும் பார்களின் பெயர்களையும் இடம்பெயர்ந்த காலத்துக் கதைகளையும் மாணவர் எழுதிக்கொள்ள வழிகாட்டலாம். வீட்டிலே அடுப்பை முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை. இவையெல்லாம் பெரிய புரட்சி அல்ல என்பதை அறிவோம். ஆனால், ஓய்வை எவ்வாறு செலவிடுகின்றோம் என்பதிலிருந்தே அதனை நாம் யாருடையதாகக் கருதுகின்றோம் என்பது வெளிப்படும்.

மறிச்சுக்கட்டிக் கடல் அழகானது. மாணவரும் ஆசிரியரும் சென்று பார்க்க வேண்டும் என்றே கூறுவோம். நோர்த்தின் மாளிகையைப் பாருங்கள். கடலடியில் மூச்சடக்கியவர்களை நினையுங்கள். ஊரவரிடம் 1990 ஐப் பற்றிக் கேளுங்கள். சுக்கான் பிடிப்பவரின் வயதைக் கேளுங்கள். பின்னர் உங்கள் சங்கக் கூட்டத்திலே எழுந்து பேசுங்கள். களைத்தவர் எவரும் இளைப்பாறலாம் என்று நமது மொழி எப்போதோ சொல்லிவிட்டது. அதனைச் சட்டத்திலும் வாழ்விலும் நிறைவேற்றுவது நம்முடைய வேலை.